நடுக்கட்டத்தில் விரல் வைத்தவர்

தேநீருக்குச் சர்க்கரை போடட்டுமா என்று கேட்டால் "பாத்துப் போடுங்கோ" என்பார். ஜன்னலைத் திறக்கட்டுமா என்றால் "திறந்தாலும் சரிதான்." மூடிவிடட்டுமா என்றால் "மூடினாலும் பிழையில்லை." ஒருமுறை நான் அவர் வீட்டுக்குக் கிளம்பும் முன் தொலைபேசியில் கூப்பிட்டு, "அங்க மழை பெய்யுதா ஐயா?" என்று கேட்டேன். "பெய்யிற மாதிரித்தான் கிடக்கு" என்றார். அவர் குரலுக்குப் பின்னால் கூரைத் தகரத்தில் மழை கொட்டுகிற சத்தம் எனக்கே நன்றாகக் கேட்டது.

ஊரில் விதானையாராக இருந்தவர். எங்கள் பக்கத்தில் கிராம நிர்வாக அலுவலர் என்போமே, ஏறக்குறைய அந்த வேலை. இன்னார் இன்ன வீட்டில் இருக்கிறார், இன்னாருக்கு இன்னார் பிள்ளை என்று உறுதி சொல்லிக் கையெழுத்துப் போடுகிறவர். நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு வந்து தலை முழுக்க நரைத்த பிறகும் யாழ்ப்பாணத்துக்காரர்கள் அவரை விதானையார் என்றுதான் கூப்பிட்டார்கள். நான் திருச்சிக்காரி, எனக்கு அவர் வெறும் ஐயா. அவர் பெயரை இங்கே எழுதட்டுமா என்று கேட்டிருந்தால், எழுதினாலும் சரி, விட்டாலும் சரி என்றிருப்பார். விட்டுவிடுகிறேன்.

அப்போது நான் நகர மையத்தில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்குக் கேள்வி கேட்கிற வேலையில் இருந்தேன். கணவருக்கு விரி என்கிற புறநகரில் ஒரு கிடங்கில் வேலை. வீட்டில் சுவரையே பார்த்துக்கொண்டிருந்து சலித்துப்போய், கிடைத்ததைப் பிடித்துக்கொண்டேன். வயதானவர்களுக்குச் சுற்றுச்சூழல் மீது அக்கறை இருக்கிறதா, பூமி கெடாமல் அடுத்தவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று அவர்கள் நினைக்கிறார்களா, அந்த நினைப்பு எவ்வளவு அழுத்தமானது என்று அளப்பதுதான் ஆய்வு. வருடத்துக்கு ஒருமுறை அதே ஆட்களிடம் அதே வாக்கியங்களை வாசிக்க வேண்டும். கையில் ஓர் அட்டை கொடுப்பேன். அதில் ஐந்து கட்டங்கள். ஒரு கோடியில் 'முழுமையாக ஏற்கிறேன்', மறு கோடியில் 'முழுமையாக மறுக்கிறேன்', நட்ட நடுவில் 'ஏற்கவுமில்லை, மறுக்கவுமில்லை.' பதிலின் மேல் விரலை வைத்தால் போதும். நான் விளக்கம் சொல்லக் கூடாது, தலையாட்டக் கூடாது, முகத்தில் எதையும் காட்டக் கூடாது. என் முகத்தை அறிந்தவர்கள் இந்தக் கடைசி விதியைக் கேட்டுச் சிரிப்பார்கள்.

ஹில்ஸ்பரோவில் அவர் வீடு. முன்பக்கம் பார்த்தால் மற்ற வீடுகளைப் போலத்தான் இருக்கும். பின்பக்கம் புல்தரை முடிகிற இடத்தில் நிலம் சட்டென்று செங்குத்தாக இறங்கி, கீழே மனுக்காவ் குடாவின் சேற்றில் போய் நிற்கும். அவரும் மனைவியும் மட்டும் இருந்தார்கள். ஒரே மகள் பெர்த்தில்.

முதல் வருடம் அந்த வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து, 'மனிதர்கள் இயற்கையைத் தாங்க முடியாத அளவுக்கு வதைக்கிறார்கள்' என்று வாசித்தேன். அட்டையை வாங்கினார். கண்ணாடியைத் துடைத்தார். மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் பார்த்துவிட்டு நடுக்கட்டத்தில் விரலை வைத்தார். அடுத்து, 'சுற்றுச்சூழல் கெடுகிறது என்பதெல்லாம் வெறும் பூச்சாண்டி.' நடுக்கட்டம். 'நான் போன பிறகு இந்தப் பூமி எப்படிப் போனாலும் எனக்குக் கவலையில்லை.' இதை வாசித்ததற்கு மற்ற வீடுகளில் பெரியவர்கள் என்னையே திட்டியிருக்கிறார்கள். இவர் விரலைத் தூக்கவே இல்லை.

"ஐயா, இது பரீட்சை இல்லீங்க. சரி தப்புன்னு எதுவும் கிடையாது. மனசுல படுறதச் சொன்னா போதும்."

"மனசிலை படுறதைத்தான் பிள்ளை சொல்லுறன். நடுவிலை போடுங்கோ."

"எல்லாத்துக்குமா?"

"எல்லாத்துக்கும் எண்டு நான் சொல்லேல்லையே. ஒவ்வொண்டாக் கேளுங்கோ, பாத்துச் சொல்லுறன்."

பார்த்துத்தான் சொன்னார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கண்ணாடியைத் துடைத்து, யோசித்து, அதே கட்டத்துக்கு வந்து சேர்ந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குள் சமையலறையிலிருந்து வேறொரு குரல் பதில் சொல்லத் தொடங்கியிருந்தது.

"நாசமாத்தான் போகுது, பிள்ளை! ஓம் எண்டு எழுதுங்கோ. கடலைப் பாத்தாலே தெரியுது."

அவருடைய மனைவி. எங்கள் 'ஆமா'தான் அவர்களுக்கு 'ஓம்'. கையில் கரண்டியோடு வாசலில் வந்து நின்றுகொண்டு, அவர் யோசித்து முடிக்கும் முன் எல்லாவற்றுக்கும் பளிச் பளிச்சென்று பதில் சொன்னார். ஆனால் ஒரு வீட்டில் ஓர் ஆளைத்தான் கேட்க வேண்டும் என்பது விதி. யாருக்கு அடுத்த பிறந்தநாள் முதலில் வருகிறதோ அவர். விதானையாருக்கு மார்கழி, அந்த அம்மாவுக்கு ஆனி. சுற்றுச்சூழலைப் பற்றி அந்த வீட்டில் அபிப்பிராயம் வைத்திருந்த ஒரே ஆளை இப்படித்தான் நாங்கள் அளக்காமல் விட்டோம்.

"என்ரை ஆளிட்டைக் கேட்டு என்ன பிரயோசனம்? அவர் கலியாணத்துக்கே ஓம் எண்டு சொல்லேல்லை. மாமிதான் சொன்னவ" என்றார் அந்த அம்மா.

விதானையார் சிரித்தார். அழகாகச் சிரிப்பார், அதையும் சொல்லிவிட வேண்டும். யாரோடும் சண்டை கிடையாது. கோயிலில் நிர்வாகம் இரண்டாகப் பிளந்து இரண்டு இடத்தில் பூசை நடந்தபோது இரண்டுக்கும் போய் இரண்டு இடத்திலும் பிரசாதம் வாங்கி வந்தவர். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் மரத்தை வெட்டட்டுமா என்று கேட்டபோது "உங்கடை மரம்தானே" என்றார். பின்பு அந்த மரம் இல்லாமல் வெயில் நேரே அடித்தபோதும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

முதியோர் சங்கத்துக் கூட்டம் ஒன்றுக்கு ஆய்வுக்கு ஆள் சேர்க்கப் போயிருந்தேன். அன்றைக்குப் பெரிய விவாதம். பிளாஸ்டிக் தட்டுகளை நிறுத்திவிட்டு, கழுவிப் பயன்படுத்துகிற எவர்சில்வர் தட்டுகளுக்கு மாறுவதா இல்லையா? யார் கழுவுவது என்பதில்தான் சூடு பிடித்தது. கடைசியில் கை தூக்கச் சொன்னார்கள். எண்ணினால் சரிபாதி. ஒரு கை குறைகிறது. யார் என்று பார்த்தால் விதானையாரைக் காணோம். கார் விளக்கை அணைத்தேனோ தெரியவில்லை என்று வெளியே போயிருந்தார். அவர் திரும்பி வந்தபோது, முடிவில்லாததால் பழையபடி பிளாஸ்டிக் தட்டிலேயே சோறு பரிமாறத் தொடங்கிவிட்டார்கள்.

அன்று அவரை வீட்டில் இறக்கிவிட நான்தான் போனேன். கார் விளக்கு உண்மையிலேயே எரிந்து எரிந்து அவர் வண்டியின் பேட்டரி தீர்ந்திருந்தது. வழியில் கேட்டேன்.

"ஏன் ஐயா, ஒரு தட்டுக்குக்கூடக் கை தூக்க மாட்டீங்களா?"

அவர் சொன்னார். "பிள்ளை, ஊரிலை சண்டை நேரம் பகலிலை ஒரு பகுதி வந்து கேக்கும், இந்தப் பெடியன் எந்த வீடு எண்டு. இருட்டினாப் பிறகு மற்றப் பகுதி வந்து அதையே கேக்கும். ஒருத்தருக்கு ஓம் எண்டால் மற்றவைக்கு நான் துரோகி. ரெண்டு பேருக்கும் தெரியாது எண்டன். அதாலைதான் இண்டைக்கு உங்களோடை காரிலை வாறன்."

அவரைக் கேலி செய்வதை அன்றோடு நிறுத்தினேன். அடுத்த வருடம் அவர் நடுக்கட்டத்தில் விரல் வைத்தபோது ஒருவித மரியாதையோடுதான் பதிந்தேன். ஆய்வை நடத்திய பேராசிரியைக்கும் அந்தப் பதில்களில் குறை தெரியவில்லை. எங்கும் முன்னுக்குப் பின் முரணாக இல்லை, சுத்தமாக இருக்கிறது என்றார். நடுவில் நிற்கிற மனிதர் எதோடு முரண்படப் போகிறார்?

அதற்கடுத்த கோடையில்தான் அந்த மழை. ஆக்லாந்து முழுக்கத் தெருக்கள் வாய்க்கால்களாகிவிட்டன. விதானையார் வீட்டுப் பின்புறப் புல்தரையில் பாதி, அதில் நின்ற எலுமிச்சை மரத்தோடு, துணி காயப்போடும் கம்பத்தோடு, சரிந்து சேற்றில் இறங்கிவிட்டது. படுக்கையறை ஜன்னலில் நின்றால் நேர் கீழே தண்ணீர் தெரிந்தது. நகரசபை ஆட்கள் வந்து அளந்து, இந்தச் சரிவு இன்னும் நகரும், இங்கே வசிப்பது உயிருக்கு ஆபத்து என்றார்கள். வீட்டை நகரசபையே வாங்கிக்கொள்ளும். அந்தத் தொகையில் வேறிடத்தில் சின்னதாக ஒன்று பார்த்துக்கொள்ளலாம். ஆனால் கட்டாயமில்லை. வீடு இருவர் பெயரிலும் இருப்பதால், குறித்த தேதிக்குள் இருவரும் சம்மதம் சொல்ல வேண்டும்.

அந்த அம்மா அன்றைக்கே சம்மதம் சொல்லிவிட்டார். விதானையார் யோசிப்போம் என்றார்.

மழை வந்தால் அந்த அம்மாவுக்குத் தூக்கம் கிடையாது. பின்னறையில் படுக்க மாட்டேன் என்று முன்னறை சோபாவுக்கு வந்தார். பிறகு அதுவும் போதாமல், மழை பலக்கிற நேரமெல்லாம் கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வெளியே, தெருப்பக்கப் படியில் வந்து உட்கார்ந்துகொள்வார். வீடு போனால் நான் அதோடு போக மாட்டேன் என்பார். கணவர் உள்ளே இருப்பார். மகள் பெர்த்திலிருந்து கூப்பிட்டு அழுதாள். "சரி பிள்ளை, பாப்பம்" என்று அவளையும் சமாதானப்படுத்தினார்.

தேதி நெருங்கியபோது நகரசபையிலிருந்து ஓர் இளைஞர் நேரில் வந்தார். அந்த அம்மா என்னைக் கூப்பிட்டிருந்தார். விதானையாருக்கு இங்கிலீஷ் நன்றாகவே தெரியும். ஆனால் தமிழில் கேட்டாலாவது வாய் திறப்பாரோ என்று அந்த அம்மாவுக்கு ஒரு நப்பாசை. அந்த இளைஞர் பொறுமையானவர். உங்களை வற்புறுத்த வரவில்லை, உங்கள் விருப்பம் எதுவானாலும் மதிப்போம், ஆமா இல்லையா என்று மட்டும் சொல்லுங்கள் என்றார். நான் தமிழில் சொன்னேன்.

"அரசாங்கம் என்ன நினைக்குதோ, அதின்படி" என்றார் விதானையார்.

"அரசாங்கம் உங்களத்தான் கேக்குது ஐயா."

"எடுத்தாலும் சரி, விட்டாலும் சரி எண்டு சொல்லுங்கோ."

அதை 'சரி' என்று மட்டும் சுருக்கிச் சொல்லிவிட என் நாக்கு துடித்தது. சொல்லியும் பயனில்லை, கையெழுத்து வேண்டும். உள்ளபடியே சொன்னேன். அந்த இளைஞர் புரியாமல் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இஞ்சாருங்கோ," என்றார் அந்த அம்மா. அவர் குரல் அவ்வளவு தணிந்து நான் கேட்டதில்லை. "நான் ஒண்டும் கேக்கேல்லை உங்களிட்டை. இத்தனை வருசத்திலை ஒரு சீலை கேட்டிருப்பனா? எனக்குப் பயமாக் கிடக்கு. ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ."

விதானையார் மனைவியைப் பார்த்தார். வாயைத் திறந்தார். "தேத்தண்ணி ஆறுது, தம்பிக்குக் குடும்" என்றார்.

என்னைக் கார் வரைக்கும் கொண்டுவிட வந்தபோது அந்த அம்மா சொன்னார். "தன்னைக் காப்பாத்தினது இந்தக் குணம்தான் எண்டு உங்களுக்குக் கதை சொல்லியிருப்பாரே? அப்ப ஒரு பகுதி இவரின்ரை தம்பியைப் பிடிச்சுக்கொண்டு போய் வைச்சிருந்தவங்கள். விதானையெண்டு இவரைக் கூப்பிட்டு, இவன் நல்லவனோ, இவனை விடலாமோ எண்டு கேட்டவங்கள். சொந்தத் தம்பி, பிள்ளை. விசாரிச்சுச் சொல்லுறன் எண்டு வந்திட்டார். விசாரிக்க என்ன கிடக்கு? அவன் வரேல்லை."

அழவில்லை. கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே போனார். எனக்கு அந்த மனிதர் மேல் வந்த கோபம் எப்படிப்பட்டது என்றால், திரும்பிப் போய் அவர் கையைப் பிடித்து இழுத்துக் கையெழுத்துப் போட வைக்கலாம் போலிருந்தது. அதே நேரம் அவருக்காகப் பயமாகவும் இருந்தது. அவர் பிடிவாதக்காரர் இல்லை. பிடிவாதக்காரராக இருந்தால் மனதை மாற்றலாம். இவருக்குள் பதில் சொல்கிற இடமே எப்போதோ எரிந்துபோயிருந்தது. தப்பி வந்தவர்கள் எல்லோரும் முழுதாகத்தான் வந்து சேர்கிறார்கள் என்று நாம் எதை வைத்து நம்புகிறோம் தெரியவில்லை.

தேதி கடந்தது. அவர் மறுக்கவில்லை, ஏற்கவுமில்லை. நகரசபை அந்த வீட்டைத் தான் வாங்கும் பட்டியலிலிருந்து நீக்கியது. மகள் விமானமேறி வந்து, கத்தி, காலில் விழாத குறையாகக் கெஞ்சி, தாயையாவது அழைத்துப் போகப் பார்த்தாள். அந்த அம்மா போகவில்லை. "இவரை ஆர் பாக்கிறது? சோறு வேணுமோ எண்டு கேட்டாலே பதில் வராது" என்றாராம்.

அந்தக் குளிர்காலம் நீளமாக இருந்தது. மழை வந்தபோதெல்லாம் அந்த அம்மா வழக்கம்போலத் தெருப்படியில் போய் உட்கார்ந்தார். முதலில் இருமல் வந்தது, பிறகு காய்ச்சல். மருத்துவமனையில் நியுமோனியா என்றார்கள். நான் போய்ப் பார்த்தபோது என் கையைப் பிடித்து, "இஞ்சை நிலம் உறுதியாக் கிடக்கு, பிள்ளை. நல்லா நித்திரை வருது" என்றார். அந்த வாரமே போய்விட்டார். நியுமோனியா என்றுதான் சான்றிதழில் இருக்கும். நான் அதை நம்பவில்லை.

சரிவு அதற்குப் பிறகு ஓர் அடிகூட நகரவில்லை. வீடு அப்படியே நிற்கிறது. இதை யாரிடமாவது சொன்னால், பார்த்தாயா, போகாமல் இருந்தது சரியாகத்தான் போயிற்று என்று சொல்ல ஆளிருக்கிறது. அதனால் சொல்வதில்லை.

ஆனி மாதம் தாண்டியபோது மறுபடி அவர் முறை வந்தது. வேறு யாரையாவது அனுப்பச் சொல்லியிருக்கலாம். தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். போனேன். வரவேற்பறை துடைத்து வைத்தாற்போல் இருந்தது. தேநீர் அவரே போட்டுக்கொண்டு வந்தார், சர்க்கரை போடாமல், கேட்காமல். அட்டையைக் கொடுத்தேன். வாங்கி மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார்.

'மனிதர்கள் இயற்கையைத் தாங்க முடியாத அளவுக்கு வதைக்கிறார்கள்' என்று வாசித்தேன்.

"ஓம்" என்றார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"ஓம் எண்டு போடுங்கோ, பிள்ளை."

'சுற்றுச்சூழல் கெடுகிறது என்பதெல்லாம் வெறும் பூச்சாண்டி.'

"ஓம்."

'நான் போன பிறகு இந்தப் பூமி எப்படிப் போனாலும் எனக்குக் கவலையில்லை.'

"ஓம்."

விதியை மீறினேன். "ஐயா, இதெல்லாம் ஒண்ணுக்கொண்ணு எதிருங்க. எல்லாத்துக்கும் ஆமான்னு சொன்னா, கவனிக்காமச் சொல்லிட்டாருன்னு தூக்கிப் போட்டுடுவாங்க."

"போடட்டும்." அவர் என்னைப் பார்க்கவில்லை. "அவ ஒரு சொல்லுத்தான் கேட்டவ. வாயிலை வந்தது, பிள்ளை. நீங்களும் பாத்துக்கொண்டுதானே இருந்தனீங்கள்? வாயிலை வந்தது. இப்ப வருது. கேக்கத்தான் ஆளில்லை. நீங்கள் வாசியுங்கோ."

வாசித்தேன். குப்பையைப் பற்றி, கடலைப் பற்றி, வரப்போகிற தலைமுறைகளைப் பற்றி, இருந்த வாக்கியங்கள் அத்தனையையும் வாசித்தேன். ஒவ்வொன்றுக்கும் அவர் ஓம் என்றார். குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. வாசித்து முடிந்த பிறகும் இன்னும் இருக்கிறதா என்பதுபோலக் காத்திருந்தார். என்னிடம் வேறு வாக்கியம் இல்லை.

நான் சொன்னபடியே ஆயிற்று. முரண்பாடான பதில்கள், நம்பத்தகுந்தவை அல்ல என்று பேராசிரியை அவற்றை நீக்கிவிட்டார். ஆய்வில் இப்போதும் அவருடையதாக இருப்பவை முந்தைய வருடங்களின் நடுக்கட்டங்கள் மட்டும்தான்.